பினாங்கு ஜார்ஜ் டவுன்: காலை முதல் இரவு வரை ஒரே நாள். எதைப் பார்ப்பது, எதை விடுவது?

#1 கொள்ளிடக்கரை

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை முழுவதும் ஜார்ஜ் டவுனில் இருப்போம். முதல் நாள் இரவே வந்து லெபூ சூலியா (சூலியா தெரு) பக்கம் தங்குகிறோம், ஞாயிறு காலை கிளம்பிவிடுவோம். ஐந்து பேர். இருவர் அறுபதைத் தாண்டியவர்கள், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. பத்து வயதுப் பிள்ளை ஒன்று. இரண்டு பேர் சுத்த சைவம்.

எழுதி வைத்திருப்பவை: கார்ன்வாலிஸ் கோட்டை, மாரியம்மன் கோயில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கூ கொங்சி (சீனக் குலத்தார் மாளிகை), சுவரோவியங்கள், நீரின் மேல் கட்டிய வீடுகள் (சியூ ஜெட்டி), நீல மாளிகை, பெரனாக்கன் (சீன-மலாய்க் கலப்பு மரபினர்) மாளிகை, கேக் லோக் சீ பௌத்தக் கோயில், கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில், தண்ணீர்மலை முருகன், பாம்புக் கோயில், பத்து ஃபெரிங்கி கடற்கரை. ஒரு வண்டி பேசிக்கொண்டால் இத்தனையும் முடியுமா? முடியாதென்றால் எதை வெட்டலாம்?

#2 தஞ்சோங்வாசி

முடியாதுங்க. முதலில் பத்து ஃபெரிங்கியையும் பாம்புக் கோயிலையும் அடித்துவிடுங்கள். ஒன்று தீவின் வடகரையில், மற்றது தென்கிழக்கில் விமான நிலையப் பக்கம். சனிக்கிழமை கடற்கரைச் சாலை நெரிசலில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்று பழைய ஊரைப் பார்க்க வேண்டிய நேரமெல்லாம் வண்டிக்குள்ளேயே போய்விடும். கடற்கரை நம் ஊரிலும் உண்டு. இந்தப் பழைய ஊர் வேறெங்கும் கிடைக்காது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் மறக்கிற ஒன்று: இங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆனால் சூரியன் அந்த அளவுக்கு முன்னால் வருவதில்லை. மார்ச்சில் விடிய ஏழேகால், ஏழரை ஆகிவிடும். "ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கலாம்" என்று திட்டம் போட்டால் இருட்டில்தான் நிற்பீர்கள். அதே மாதிரி மாலையில் ஏழரை வரை வெளிச்சம் இருக்கும். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெயில் தலையைப் பிளக்கும், அந்த மூன்று மணி நேரம் கூரைக்குக் கீழே இருக்கிற மாதிரி நாளை அமையுங்கள்.

வழக்கமாக நான் சொல்லும் வரிசை: விடிந்ததும் எஸ்பிளனேட் கடற்சுவர், கோட்டை, மணிக்கூண்டு. எட்டு மணிக்கு லிட்டில் இந்தியாவில் பசியாறல். அப்புறம் குவீன் தெரு மாரியம்மன், குவான் யின் கோயில், பள்ளிவாசல், கூ கொங்சி, ஆர்மேனியன் தெரு, பத்தே முக்காலுக்குள் சியூ ஜெட்டி. எல்லாம் சேர்த்து மூன்று, மூன்றரைக் கிலோமீட்டர்தான். பதினொன்றரைக்குப் பெரனாக்கன் மாளிகை, மதியச் சாப்பாடு, அறைக்குத் திரும்பி ஓய்வு. மூன்று மணிக்கு வண்டியில் கேக் லோக் சீ. அங்கே ஐந்தரைக்கு மூடுவார்கள், அதனால் மூன்றரைக்குள் உள்ளே இருக்கணும். ஐந்தேகாலுக்குக் கொடிமலை அடிவாரம், இருட்டிய பிறகு கீழே.

காலை நடையில் இன்னொரு வசதி உண்டு. மாரியம்மன் கோபுரம், குவான் யின் கோயில், பள்ளிவாசல் மூன்றின் வாசலும் ஏறக்குறையக் கிழக்கு பார்த்தவை. காலை வெயில் நேராக முகப்பில் விழும். மதியத்துக்குப் பிறகு படம் எடுத்தால் கட்டடம் கறுத்து, பின்னால் வானம் வெளுத்து நிற்கும்.

#3 மலைரயில்

தஞ்சோங்வாசி சொன்ன வரிசை திங்கள் முதல் வியாழன் வரைக்கும் சரி. சனிக்கிழமைக்குச் சரிப்படாது.

சனிக்கிழமை மாலை கொடிமலையில் ஏறும் வரிசையைவிட இறங்கும் வரிசைதான் கொடுமை. பகல் முழுக்க வெவ்வேறு நேரத்தில் ஏறியவர்கள் எல்லாரும் விளக்கு எரியத் தொடங்கியதும் ஒரே நேரத்தில் கீழே இறங்க நிற்பார்கள். முழங்கால் வலியுள்ளவரை அந்த வரிசையில் நிறுத்தாதீர்கள். ஃபாஸ்ட் லேன் சீட்டு இருக்கிறது, ஆனால் சாதாரணச் சீட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஐந்து பேருக்குப் பெருந்தொகை.

சனிக்கிழமை வருகிறவர்கள் நாளைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். காலை முதல் வேலை மலை. ரயில் ஆறரைக்கே ஓடத் தொடங்கிவிடும். மேலே ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி வாக்கில் குளிர்ச்சி. பெரியவர்களுக்கு ஒரு மெல்லிய சால்வை போதும்.

இன்னொரு விஷயம், பலர் தவறாக நினைத்து வருவது. மலையிலிருந்து பார்க்கும் பக்கம் கிழக்கு: கீழே ஜார்ஜ் டவுன், நீரிணை, பாலம், அந்தக் கரையில் பட்டர்வொர்த். சூரியன் மறைவது உங்கள் முதுகுக்குப் பின்னால். அஸ்தமனம் பார்க்கலாம் என்று மாலை ஏறுகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். மாலையில் கிடைப்பது நகர விளக்குகள் மட்டுமே. சூரிய உதயம்தான் நேர் எதிரே தெரியும்.

#4 தஞ்சோங்வாசி

அண்ணே, சனிக்கிழமையைக் கவனிக்காமல் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், கவனித்தே சொன்னேன். நகர விளக்குக்காகவே மலையேறுகிறவர்கள் பாதிப்பேர். விடிகாலையில் மேலே மூடுபனி நின்றால் வெள்ளைத் துணி விரித்த மாதிரி ஒன்றும் தெரியாது. ஒன்பது மணிக்கு மேல்தான் விலகும்.

ஆனால் முழங்கால், பிள்ளை, சனிக்கிழமை மூன்றும் ஒன்றாக வருவதால் உங்கள் கணக்குத்தான் இவர்களுக்குப் பொருந்தும். ஒப்புக்கொள்கிறேன். மலையை விட்டு இறங்கியதும் கேக் லோக் சீ பத்து நிமிட வண்டித் தூரம். காலை எட்டரைக்குத் திறந்துவிடுவார்கள். அதை வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். பழைய ஊர் மூன்று மணிக்கு மேல்.

அப்படிச் செய்தால் ஒரு எச்சரிக்கை: கூ கொங்சியும் பெரனாக்கன் மாளிகையும் ஐந்து மணிக்கு மூடும். மதியத் தூக்கம் நீண்டுவிட்டால் இரண்டும் போச்சு.

#5 கொள்ளிடக்கரை

இருவருக்கும் நன்றி. தலைகீழ்த் திட்டத்தையே எடுத்துக்கொள்கிறோம். மலை ரயில் சீட்டை முன்கூட்டியே வாங்கணுமா? கேக் லோக் சீயில் படிகள் எவ்வளவு? முழங்கால்காரரைக் கீழே உட்கார வைத்துவிட்டுப் போக மனமில்லை.

#6 மலைரயில்

இணையத்தில் வாங்குங்கள். நேரம் குறித்த சீட்டு. வெளிநாட்டுப் பெரியவருக்குச் சாதாரணச் சீட்டு போக வர 30 வெள்ளி (ரிங்கிட்) என்றுதான் நெடுநாளாக இருந்து வருகிறது, வாங்கும்போது தளத்தில் ஒரு தடவை சரிபாருங்கள். பராமரிப்புக்காக ரயிலை நாள்கணக்கில் நிறுத்துவதும் உண்டு. தேதியை முன்னாலேயே அறிவித்துவிடுவார்கள், விமானச் சீட்டுக்கு முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

1920-களில் ஓடத் தொடங்கிய பாதை இது. முன்பு பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாறணும். 2010-இல் மூடி, 2011-இல் புதுப்பெட்டியோடு திறந்த பிறகு நேராக மேலே போய்விடுகிறது. பாதை ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். பெட்டி சரிவுக்கேற்பப் படிப்படியாக அமைந்தது. ஏறும்போது கீழ்க்கோடியிலும், இறங்கும்போதும் அதே கீழ்க்கோடியிலும் நின்றால் கண்ணாடி வழியே பாதை முழுக்கத் தெரியும். பிள்ளையை அங்கே நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு நடுவில் இருக்கை தேடுங்கள். பெட்டிக்குள்ளேயே படிகள்தான், அதனால் ஏறும் வாசலிலேயே இடம் பார்த்து உட்கார்ந்துவிடுவது முழங்காலுக்கு நல்லது.

மேலே போனதும் ஸ்ரீ அருளொளி திருமுருகன் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே பள்ளிவாசல். நிலையத்திலிருந்து மெதுவான ஏற்றம், படி அதிகமில்லை. காட்டுக்கு மேல் நடக்கும் பாலத்துக்குத் தனிச்சீட்டு, விலை அதிகம். ஒரே நாள்காரர்களுக்கு அது வேண்டாம்.

கேக் லோக் சீயில் எல்லாரும் செய்கிற தவறு, அடிவாரத்து ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் இறங்கிக் கடைகளுக்கு நடுவே படியேறிப் போவது. நீங்கள் வண்டிக்காரரிடம் "மேலே, குவான் யின் சிலை வரை" என்று சொல்லி இறங்குங்கள். அங்கிருந்து சரிவு லிஃப்டில் நடுத்தளத்துக்கு இறங்கி வரலாம். வெண்கலச் சிலை 30.2 மீட்டர், 2002-இல் வைத்தது. அதன் மேலுள்ள மண்டபக் கூரை 2009-இல் முடிந்தது. ஏழடுக்குக் கோபுரம் 1930-இல் முடிந்தது. கீழ்ப்பகுதி சீனப் பாணி, நடுப்பகுதி தாய்லாந்துப் பாணி, உச்சி பர்மாப் பாணி. இந்த மூன்றையும் வெளியே நின்று பார்த்தாலே தெரியும். உள்ளே குறுகலான படிகள், முழங்கால்காரர் ஏற வேண்டியதில்லை, பிள்ளையை மட்டும் கூட்டிப் போங்கள்.

#7 பழந்தெரு

மாலை நடைக்கு என் பங்கு. இந்த ஊரை "யுனெஸ்கோ ஊர்" என்று படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், இதில் நம்மவர்களின் கை எங்கெல்லாம் பட்டிருக்கிறது என்று தெரியாமலே போய்விடுகிறார்கள். மெலாக்காவோடு சேர்த்து 2008 ஜூலையில் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. கட்டடங்களின் அழகு மட்டும் அதற்குக் காரணமில்லை. தேவாலயம், சீனக் கோயில், மாரியம்மன், பள்ளிவாசல் நான்கும் ஒரே தெருவையொட்டி, நடந்தால் பத்து நிமிடத்துக்குள், இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன.

தெற்கிலிருந்து வடக்கே நடந்தால் மூடும் நேரங்களும் ஒத்துவரும். மூன்று மணிக்குக் கூ கொங்சி. லெபூ கெனனிலிருந்து ஒரு ஒடுக்கமான வழி. சட்டென்று கருங்கல் பாவிய பெரிய முற்றத்தில் விடும். நான்கு பக்கமும் குலத்தார் வீடுகள் சூழ்ந்து ஒரு சிறிய கோட்டை மாதிரி அடைத்து நிற்பதைக் கவனியுங்கள். 1867-இல் இந்தத் தெருக்களில் இரகசியச் சங்கங்களுக்குள் பெரிய கலவரம் நடந்தது. அந்த அச்சம் இந்த அமைப்பிலேயே தெரிகிறது. முந்தைய கட்டடம் 1901-இல் தீப்பிடித்து அழிந்தது. இப்போது இருப்பது 1906-இல் முடிந்தது.

கூரை முகட்டைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நாகங்கள், பூக்கள், போர்வீரர்கள் எல்லாம் வண்ணம் பூசியவை போலத் தோன்றும். அவை பூச்சு இல்லை. வண்ணப் பீங்கான் கிண்ணங்களை இடுக்கியால் சில்லுசில்லாக வெட்டி, சுண்ணச்சாந்தில் ஒவ்வொன்றாகப் பதித்தது. ஒரு நாகத்தின் செதில் ஒவ்வொன்றும் ஒரு கிண்ணத்தின் வளைவு. நூறு ஆண்டு மழையிலும் நிறம் போகாததற்கு அதுதான் காரணம். வாசலில் தலைப்பாகையோடு நிற்கும் சீக்கியக் காவலர் சிலைகளையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து ஆர்மேனியன் தெரு. சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள் ஓவியம் இங்கேதான். 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் வரைந்தது. சுவரில் பதித்த நிஜ சைக்கிளில் ஓவியப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். சனிக்கிழமை அங்கே படமெடுக்க வரிசை நிற்கும். பக்கத்து லெபூ ஆ குவீயில் மோட்டார் சைக்கிள் பையன். வரிசை நீளமென்றால் அதை எடுத்துக்கொண்டு நகருங்கள். தெருக்கோடிகளில் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்களில்தான் அந்தந்தத் தெருவின் பழைய தொழில்கள் இருக்கின்றன. பிள்ளைக்கு அவற்றைத் தேடச் சொல்லுங்கள், நடக்கச் சலிக்காது. அதே தெருவில் 120 எண் வீடு சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென் புரட்சி வேலை பார்த்த இடம்.

பள்ளிவாசல் 1801-இல் தொடங்கியது. நிறுவியவர் காதிர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர், அன்றைய சூலியாக்களின் (தென்னிந்திய முஸ்லிம்களின்) கப்பித்தான், அதாவது தலைவர். பார்வையாளருக்கு அங்கியும் தலைத்துணியும் வாசலிலேயே தருவார்கள். தொழுகை நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமை நண்பகல் அறவே கிடையாது. சூலியா தெருவும் கிங் தெருவும் சேரும் மூலையில் சின்னதாக நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவாக 1800-களின் தொடக்கத்தில் இங்கே வந்த தமிழர்கள் எழுப்பியது. வெள்ளைச் சுவரும் மூலைக்கு ஒன்றாகச் சிறு மினாராக்களும். பெரும்பாலோர் பழக்கடை என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் தங்கும் தெருவிலேயே இருக்கிறது, தாண்டிவிடாதீர்கள்.

மாரியம்மன் கோயில் 1833. நண்பகலில் நடை சாத்தியிருக்கும், மாலையில் திறப்பார்கள். உங்கள் வரிசைப்படி ஆறு மணிக்குப் போனால் பூசை நேரம். வடகோடியில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818. தென்கிழக்காசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம். அதைக் கட்டியதும் கோட்டையைச் செங்கல்லில் எழுப்பியதும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளின் உழைப்பு. எந்தக் கல்வெட்டிலும் அவர்களில் ஒருவர் பெயரும் கிடையாது. அந்தத் தூண்களுக்கு முன் நிற்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

#8 தஞ்சோங்வாசி

பழந்தெரு சொன்னதில் நடைமுறைச் சேர்க்கை. கடைவீடுகளின் முன்னால் போகும் மூடிய நடைபாதையில் நிழல் உண்டு, மழைக்கும் பாதுகாப்பு. ஆனால் வீட்டுக்கு வீடு தரை உயரம் மாறும். ஒரு வீட்டின் பூக்கல் தரையிலிருந்து அடுத்த வீட்டுக்கு அரை அடி இறக்கம், உடனே ஏற்றம். நடுவே மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, பூத்தொட்டி. முழங்கால் வலியுள்ளவருக்கு இந்த ஏறி இறங்கல்தான் படிக்கட்டைவிட மோசம். தெரு ஓரமாகச் சமதரையில் நடப்பது அவருக்கு மேல். வடக்கு தெற்காக ஓடும் தெருக்களில் மாலையில் மேற்குப் பக்க ஓரத்தில் நிழல் இருக்கும்.

அவரும் இன்னொருவரும் திரிஷாவில் (சைக்கிள் ரிக்‌ஷாவில்) போகட்டும். இங்கே பயணி முன்னால், ஓட்டுபவர் பின்னால். ஒரு வண்டிக்கு இருவர். ஏறுமுன் "ஒரு மணி நேரம், இந்த இந்த இடம், இத்தனை வெள்ளி, வண்டிக்கா ஆளுக்கா" என்று நான்கையும் பேசிவிடுங்கள். தகராறு வருவதெல்லாம் கடைசிக் கேள்வியைக் கேட்காததால்தான்.

இலவசச் சுற்றுப் பேருந்து ஒன்று ஜெட்டிக்கும் கொம்தார் கோபுரக் கட்டடத்துக்கும் இடையே ஓடுகிறது. ஒரே திசையில் வளையமாகப் போவது, ஒரு நிறுத்தம் தவறவிட்டால் முழுச் சுற்றும் சுற்றித்தான் வரணும். மலைக்கு 204 பேருந்து உண்டு. காசாகக் கொடுத்தால் மீதி தரமாட்டார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் விடியுமுன் கிளம்பும் ஐந்து பேருக்கு கிராப் (செயலியில் அழைக்கும்) வண்டிதான் சரி. ஐவர் என்பதால் ஆறு இருக்கை வண்டி என்று தேர்ந்து போடுங்கள், சாதாரண வண்டியில் நால்வர்தான்.

#9 கொள்ளிடக்கரை

சியூ ஜெட்டிக்கு ஞாயிறு விடிகாலையில், கிளம்புமுன் போய் வரலாமா? சூரிய உதயம் அங்கே அழகு என்று பல இடத்தில் பார்த்தேன்.

#10 பழந்தெரு

தயவுசெய்து வேண்டாம். அது காட்சிப்பொருள் இல்லை, குடியிருப்பு. சியூ குலத்தார் தலைமுறைகளாகக் கடலில் கால்நட்டுப் பலகை பரப்பி வாழும் வீடுகள். நடக்கும் பலகை ஒவ்வொன்றும் ஒருவர் படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் கிரீச்சிடும். ஒன்பது மணிக்கு முன் வரவேண்டாம் என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். பகலிலும் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, பூசை மாடத்தைப் படமெடுத்து, பிள்ளைகளிடம் கேமராவை நீட்டுகிறவர்களால் அங்கிருப்பவர்கள் நொந்து போயிருக்கிறார்கள்.

மாலை ஐந்து மணிக்குப் போங்கள். கடைசிவரை நடந்து சிறு கோயிலைப் பார்த்துத் திரும்புங்கள், அரை மணி போதும். பலகைகளுக்கு இடையே இடைவெளி உண்டு, சில இடத்தில் கைப்பிடி கிடையாது. பிள்ளையின் கையை விடாதீர்கள். நீர் வற்றிய நேரத்தில் கீழே சேறு தெரியும், வாடையும் இருக்கும்.

உதயம் பார்க்க ஆசையென்றால் எஸ்பிளனேட் கடற்சுவர். அங்கே யாருக்கும் தொந்தரவில்லை.

#11 இலைச்சோறு

சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே.

சைவக்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவில் கவலையில்லை: தோசை, இட்லி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. சிக்கல் சீனக் கடைகளிலும் அங்காடிகளிலும். ஆசாம் லக்சாவின் குழம்பே மீன். சார் குவே தியாவில் இறாலும் பன்றிக்கொழுப்பும். பழ ரோஜாக்கில்கூட இறால் விழுது. காய்கறிப் பொரியல் என்று தருவதிலும் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் போதாது, "மீன், இறால், பெலாச்சான் எதுவும் கூடாது" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சீனச் சைவக் கடைகளில் பூண்டு வெங்காயம்கூட இருக்காது, நம்பிச் சாப்பிடலாம்.

அசைவக்காரர்கள் நாசி கண்டார் சாப்பிடாமல் போகாதீர்கள். நம் தமிழ் முஸ்லிம்கள் காவடியில் சுமந்து விற்று வளர்த்த சோறு இது. கேம்பல் தெருவிலுள்ள ஹமீதியா 1907 முதல் இருக்கிறது. வரிசையில் நகர்ந்து சோறு வாங்கி, கறியைக் கைகாட்டி, கடைசியில் குழம்பு. ஒரே குழம்பு கேட்காதீர்கள், கலந்து ஊற்றச் சொல்லுங்கள்: கோழி, மீன், மாட்டிறைச்சிக் குழம்புகள் சேரும்போதுதான் அந்த ருசி. மாட்டிறைச்சி சேர்க்காதவர்கள் பரிமாறுபவர் கை குழம்புக்குப் போகுமுன்பே சொல்லிவிடணும், தமிழிலேயே சொல்லலாம். தட்டைப் பார்த்துக் கண்மதிப்பில் விலை சொல்வார்கள். கோழியும் முட்டையும் மலிவு. பெரிய இறால், மீன்தலை, கணவாய் முட்டை மூன்றுக்கும் எடுக்குமுன் விலை கேளுங்கள். எதிர்பாராத தொகை வருவதெல்லாம் அந்த மூன்றால்தான்.

நோன்பு மாதத்தில் உங்கள் தேதி விழுந்தால் முஸ்லிம் கடைகளில் பல பகலில் மூடியிருக்கும். அப்போது நாசி கண்டாரை இரவுக்கு மாற்றுங்கள்.

சென்டோல் பினாங்கு சாலையிலிருந்து பிரியும் லெபூ கெங் குவீயில். நின்றுகொண்டே குடிப்பது. ஐஸ் சேர்ந்த பானம், பெரியவர்கள் வயிற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#12 கொள்ளிடக்கரை

நீல மாளிகையா, பெரனாக்கனா? ஒன்றுதான் முடியும் போலிருக்கிறது. கோட்டைக்கு உள்ளே போகணுமா? தண்ணீர்மலையைப் பெரியவர்கள் விட மனமில்லை என்கிறார்கள்.

#13 பழந்தெரு

உங்களுக்குப் பெரனாக்கன். நீல மாளிகை, அதாவது சியோங் ஃபாட் ஸே மாளிகை, கட்டடக்கலைக்காக மிகச் சிறந்தது. 38 அறைகள், ஐந்து முற்றங்கள், அவுரி நீலச் சுவர். ஆனால் வழிகாட்டியோடு சுற்றினால் குறித்த நேரத்தில் போய் நின்று கேட்கணும். பத்து வயதுப் பிள்ளைக்கும் முழங்காலுக்கும் ஒத்துவராது. பெரனாக்கன் மாளிகையில் நம் வேகத்தில் சுற்றலாம். கண்ணாடிப் பொருள், நகை, மணிவேலைச் செருப்பு என்று பார்க்க நிறைய. மதியம் ஒன்றரைக்குப் போய் மூன்றுக்குள் வெளியே வாருங்கள், வெயில் நேரம் அதிலேயே கழிந்துவிடும்.

கோட்டைக்குள் அவ்வளவு இல்லை. 1786 ஜூலையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஃபிரான்சிஸ் லைட் இறங்கிய முனை அது. காட்டை வேகமாக வெட்ட வைக்கப் பீரங்கியில் வெள்ளிக்காசை நிரப்பிப் புதருக்குள் சுட்டார் என்றொரு கதை உண்டு. 1603-இல் வார்த்த டச்சுப் பீரங்கி செரி ரம்பாயைப் பார்க்க ஆசைப்பட்டால் உள்ளே போகலாம். இல்லையென்றால் வெளியிலிருந்து மதிலையும், விக்டோரியா மணிக்கூண்டையும் பார்த்தால் போதும். மணிக்கூண்டு 60 அடி. ராணியின் ஆட்சியின் ஆண்டுக்கு ஓர் அடி வீதம். சற்றுச் சாய்ந்து நிற்பது உலகப்போரின் குண்டுவீச்சால்.

மணிக்கூண்டுக்கு எதிரே ஸ்வெட்டன்ஹாம் துறை. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர்கள் மலேயாவில் முதலில் பார்த்த ஊர் இது. சென்னையைச் சுட்ட எம்டன் 1914 அக்டோபர் 28 விடியலில் இதே துறைமுகத்துக்குள் நுழைந்து ரஷ்யாவின் ஜெம்சுக் கப்பலை மூழ்கடித்தது. பிள்ளைக்குச் சொல்ல நல்ல இடம்.

#14 தஞ்சோங்வாசி

தண்ணீர்மலை: உச்சியிலுள்ள பாலதண்டாயுதபாணி ஆலயத்துக்கு 513 படிகள். முழங்கால்காரருக்கு முடியாது. ஆனால் மலையிலிருந்து ஊருக்குத் திரும்பும்போது கொஞ்சம் சுற்றி அந்த வழியாக வரச் சொன்னால், அடிவாரத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் சமதரையிலேயே இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வந்து சேரும் கோயில். பதினொன்றரைக்குள் போய்விடுங்கள், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். கேக் லோக் சீயில் பத்தே முக்காலுக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

இன்னும் சில. மலேசியாவுக்குள் வருமுன் மூன்று நாளுக்குள் மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியிருக்கணும், ஐவருக்கும் தனித்தனியாக. மின்செருகி மூன்று தட்டைக்கால், இங்கிலாந்து மாதிரி. கழிப்பறைக்கு 20, 50 காசு நாணயங்கள். கோயில் கல்தரை பகலில் சுடும், காலுறை ஒரு சோடி பையில் இருக்கட்டும். மழை வந்தால் பெரும்பாலும் பிற்பகலில் அடித்து ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் ஜெட்டிக்கு மட்டும் போகாதீர்கள், நனைந்த பலகை வழுக்கும். கூ கொங்சியிலேயே நின்றுவிடுங்கள்.

#15 கொள்ளிடக்கரை

இறுதி வரிசை, பிழையிருந்தால் சொல்லுங்கள். 6.15 கிளம்பி மலை, 6.45 ரயில், உதயம், முருகன் கோயில். 8.45 கீழே. 9.15 கேக் லோக் சீ மேல்வாசல், 10.45 வரை. 11.15 செட்டியார் கோயில். 12 மணி சாப்பாடு. 1.30 பெரனாக்கன். 3.00 கூ கொங்சி. 4.00 ஆர்மேனியன் தெரு. 5.00 சியூ ஜெட்டி. 6.00 பள்ளிவாசலை வெளியிலிருந்து, பிறகு மாரியம்மன். 7.15 எஸ்பிளனேட், மணிக்கூண்டு. இரவுச் சாப்பாடு.

#16 மலைரயில்

காலையில் பசியாற இடமே இல்லை. அந்த நேரத்தில் மலையில் எல்லாக் கடையும் திறந்திருக்காது. முதல் நாள் இரவே ரொட்டி, வாழைப்பழம், தண்ணீர் வாங்கி வைத்துவிடுங்கள். மற்றது சரி.

#17 தஞ்சோங்வாசி

பள்ளிவாசலை நாலரைக்கு, ஆர்மேனியன் தெருவிலிருந்து ஜெட்டிக்குப் போகுமுன் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குப் பார்வையாளருக்கு வாசல் திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. நாலரை அஸர் (பிற்பகல்) தொழுகையை ஒட்டிய நேரம், தொழுகை முடியும் வரை வாசலில் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கலாம். பெரனாக்கனிலிருந்து கூ கொங்சி வரை முழங்கால்காரரை நடக்கவிடாமல் திரிஷாவை அங்கேயே பேசி ஏற்றிவிடுங்கள். இரண்டே முக்காலுக்கு வெளியே வந்தால் மூன்றுக்குக் கூ கொங்சி வாசலில் இருப்பீர்கள்.

#18 கொள்ளிடக்கரை

மாற்றிக்கொண்டோம். சீட்டு 6.45-க்குப் பதிவாகிவிட்டது.